அறுபத்திரண்டு மீற்றரில் நான்கு நத்தைகள்

யாராவது அருந்தவனிடம் "என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்டால், "யுனியில லாப் வேலை" என்று சொல்லிவிட்டு உடனே கிரிக்கெட்டுக்குத் தாவிவிடுவார். ஒருமுறை சிட்னி மெரிலேண்ட்ஸில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனவர், வாய் தவறி "நத்தை பொறுக்கிறன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். பக்கத்துக் கதிரையில் இருந்தவர் சாப்பாட்டுத் தட்டையும் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். போனால் போகட்டும். சனம் அப்படித்தான். அன்றைக்கு எடுத்த முடிவுதான் இந்த லாப் வேலையும் கிரிக்கெட்டும்.

ஆனால் அவர் செய்வது நத்தை பொறுக்குவதுதான். மழைக்கு மதிலில் ஊருமே, அந்த நத்தை இல்லை. பெரியது கொத்தமல்லி அளவு, சின்னது கடுகளவு. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், மலைகளுக்கு நடுவே ஒரு ஏரி இருக்கிறது. உலகத்து ஏரிகளில் முக்கால்வாசி சில ஆயிரம் வருசங்களில் மண் மூடிப் போய்விடுமாம். இது பத்து லட்சம் வருசத்துக்கு மேலாகத் தண்ணீரோடு கிடக்கிறது. அவ்வளவு காலம் ஓரிடத்தில் கிடந்தால் நத்தைகள் சும்மா இருக்குமா? வகைவகையாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு விட்டன. கரையோரக் கல்லில் ஒட்டியிருப்பது சேற்றுக்கு இறங்காது. சேற்றில் கிடப்பது கல்லில் ஏறாது. ஒரு கரையில் அள்ள அள்ளக் கிடைப்பது எதிர்க்கரையில் மருந்துக்கும் இருக்காது. எந்த நத்தை எந்தக் கரையில், எவ்வளவு ஆழத்தில், எத்தனை என்று கண்டுபிடித்து ஏரிக்கு ஒரு வரைபடம் போடுவது அவரை வேலைக்கு வைத்திருக்கும் மெலனியின் ஆராய்ச்சி. அதற்காக அங்கிருந்து ஸ்பிரிட்டில் ஊறவைத்து வந்த சேற்றுப் போத்தல்களைக் கொட்டி, அரித்து, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து நத்தைகளைச் சாமணத்தால் ஒவ்வொன்றாகத் தூக்குவது அருந்தவனின் வேலை.

மெலனி சிட்னி டூங்கபியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தாய் தகப்பன் மன்னார்க்காரர். முப்பத்துநான்கு வயதில் கலாநிதிப் பட்டமும் வாங்கி மெல்பேர்ணுக்கு வந்து, ஒரு பல்கலைக்கழகத்தின் பின்கட்டடத்தில் இரண்டு அறைகளை வைத்துக்கொண்டிருக்கிறாள். தமிழ் நன்றாக விளங்கும். பேசத் தொடங்கினால் பாதி வழியில் இங்கிலீசுக்குப் பாய்ந்துவிடும்.

அருந்தவன் அவளிடம் வேலைக்குச் சேர்ந்தது ஒரு தற்செயல். மெல்பேர்ண் ட்ருகனினாவில் குளிர்க்களஞ்சியம் ஒன்றில் ஆறு வருசம் பெட்டி தூக்கி இடுப்பு நாரி பிடித்துப்போய், ஏஜென்சி ஒன்றின் மூலம் சாமான் ஏற்றி இறக்கும் வேலை செய்துகொண்டிருந்த நேரம். அந்தக் கட்டடத்துக்கு ஒரு பெரிய பிரிட்ஜ் கொண்டுவந்து இறக்கினார். மெலனி நுணுக்குக்காட்டியில் இருந்து தலையை நிமிர்த்தி, தட்டைத் தள்ளிவைத்து, அதில் இனி ஒன்றும் இல்லை என்பதுபோலச் சோம்பல் முறித்தாள். அருந்தவன் போகிற போக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒண்டு கிடக்கு பிள்ளை, அந்த மூலையில" என்றார். கிடந்தது. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை நடத்திய மனிதர், மூட்டை மூட்டையாக அரிசியில் கல்லுப் பார்த்த கண். அடுத்த மாதமே ஒப்பந்த வேலைக்கு எடுத்துவிட்டாள்.

இது மூன்றாவது வருசம். ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு முடிகிறது. இந்த முறை நிரந்தரமாக்கச் சொல்லி மெலனி மேலிடத்துக்குக் கடிதம் எழுதியிருந்தாள். ஐம்பத்திரண்டு வயதில், இருந்த இடத்தில் இருந்து செய்கிற வேலை, சம்பளத்தோடு லீவு. அருந்தவனுக்கு அது பெரிய விசயம். திரும்பவும் குளிருக்குள் போய்ப் பெட்டி தூக்க அவருடைய நாரி சம்மதிக்காது.

மே மாதம், ஒரு திங்கட்கிழமை. மெலனி தன் அறையில் இருந்து கத்தினாள்.

"அங்கிள்! இஞ்ச வாங்கோ! க்விக், க்விக்!"

கணினித் திரையில் ஏரியின் வரைபடம். கரையைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள். ஏரியின் நடுவே, ஆழத்தில், தனியாக ஒரு சிவப்புப் புள்ளி.

"வரி போட்ட நத்தை தெரியும்தானே? கல்லில மட்டும் இருக்கிறது. அஞ்சு மீற்றருக்குக் கீழ அதை ஒருத்தரும் கண்டதே இல்லை. உங்கட ஷீட்டில அறுபத்திரண்டு மீற்றரில நாலு இருக்கு அங்கிள். நாலு!"

"வெறுங்கோதோ பிள்ளை?" என்று அருந்தவன் கேட்டார். செத்த நத்தையின் வெறும் ஓடு சரிவில் உருண்டு ஆழத்துக்குப் போகும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

"இல்லை! உள்ள உடம்போட இருக்கு. அதுதான் விசயமே! அங்க உயிரோட இருந்திருக்கு. வெள்ளிக்கிழமை சிட்னி மீட்டிங்கில இந்த மேப்பைத்தான் போடப்போறன். யூ ஃபவுண்ட் இட், அங்கிள்."

அருந்தவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிரவு மனைவி சிவாஜினியிடம் மூன்று தடவை சொன்னார். நாலாவது தடவை சொல்ல வந்தபோது அவள், "ஓமப்பா, நாலு நத்தை. எனக்கும் எண்ணத் தெரியும்" என்றாள்.

சந்தோசம் ஒருநாள்தான் நிலைத்தது.

லாப் யன்னலில் அருந்தவன் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்திருந்தார். அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஒரு போத்தல் சேற்றை அரித்து முடித்தால், அடுத்ததைத் தொடுவதற்கு முன் அரிதட்டைக் குழாய்த் தண்ணீரின் கீழ் இரண்டு பக்கமும் மூன்று நிமிசம் பிடித்துக் கழுவவேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீரை அளந்து இறைத்து வளர்ந்த மனிதருக்குக் குழாயைத் திறந்துவிட்டு மூன்று நிமிசம் பார்த்துக்கொண்டிருக்க மனம் வருமா? அவர் ஒரு வெள்ளை பேசினில் தண்ணீர் நிரப்பி, அரிதட்டை அதில் முக்கி, நாலு சுற்றுச் சுற்றி, உதறி எடுப்பார். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். மத்தியானம் அந்தப் பேசின் தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போகும். ஒரு சொட்டு வீண்போகாது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கன்றின் இலை பழுத்திருக்கிறதே என்று பென்சிலால் அடிமண்ணைக் கிளறினார். மண்ணில் வெள்ளையாகச் சில மினுங்கின. சாமணத்தால் ஒன்றைத் தூக்கி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். அடக் கடவுளே! வரி போட்ட நத்தை. கறிவேப்பிலைத் தொட்டிக்குள் சுலவேசி நத்தை. கிளறக் கிளற இன்னும் ஏழு.

அரிதட்டின் விளிம்பில் ஒட்டியிருந்தவை பேசினுக்குள் விழுந்திருக்கின்றன. பேசினுக்குள் விழுந்தவை தொட்டிக்கு வந்திருக்கின்றன. தொட்டிக்கு வரலாம் என்றால், அடுத்த தடவை முக்கும்போது அரிதட்டில் ஏறி அடுத்த போத்தலுக்கும் போகலாம்தானே?

அருந்தவன் தன் கொப்பியை எடுத்தார். எதையும் முதலில் தன்னுடைய கொப்பியில் எழுதி, சரிபார்த்து, பிறகுதான் ஷீட்டில் பென்சிலால் பதிவார். மூன்று வருசத்து ஷீட்டுகளில் ஒரு வெட்டுக்கூட இல்லை என்று மெலனி எல்லோரிடமும் சொல்லித் திரிவாள். பெப்ரவரி பதினாலாம் தேதி. முதற்போத்தல், மேற்குக் கரைக் கல், மூன்று மீற்றர், வரி நத்தை நானூற்றுப் பன்னிரண்டு. இரண்டாவது போத்தல், நடு ஏரிச் சேறு, அறுபத்திரண்டு மீற்றர், வரி நத்தை நான்கு. இரண்டுக்கும் ஒரே பேசின் தண்ணீர்.

அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்து சப்பாத்தையும் கழற்றாமல் குசினி வாசலில் நின்றார். சிவாஜினி முதியோர் இல்லம் ஒன்றின் சமையல் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"அந்த நாலும் பேசினுக்குள்ளால வந்ததெண்டு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமே?"

"நிச்சயமாத் தெரியாது."

"பேந்தென்ன? அதுகள் உண்மையாவே அங்கை இருந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு இருங்கோ. ஜூன் முடியட்டும்."

"பிள்ளை வெள்ளிக்கிழமை அதைச் சபையில போடப்போகுது."

"போடட்டும். நீங்கள் போய் மாத்திச் சொன்னால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லோணுமே?"

சொல்லவேண்டியதில்லை. சிவாஜினி ஈரமில்லாதவள் என்று யாரும் நினைக்கவேண்டாம். அவளும் அதே அகதிப் படகில் வந்தவள், விசாவை மறுத்து வந்த கடிதத்தை அவரோடு சேர்ந்து வாசித்தவள்.

ஒன்பது வருசத்துக்கு முந்திய கதை அது. அகதி விசாரணையில் ஒரு அதிகாரி, அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனது எந்த மாதம் என்று கேட்டார். அருந்தவன் ஜூன் என்றார். வீட்டுக்கு வருகிற ரெயிலில்தான் நினைவு வந்தது, இல்லை, அது ஜூலை. பிடித்த நாளுக்கு அடுத்தநாள் கோயிலில் தேர். தேர் ஜூலையில். நேர்மையான மனிதர் என்ன செய்வார்? அடுத்தநாளே சட்டத்தரணியைப் பிடித்துத் திருத்திக் கடிதம் கொடுத்தார். எட்டு மாதத்தில் முடிவு வந்தது. விண்ணப்பதாரி தன் வாக்குமூலத்தை மாற்றியுள்ளார், ஆகவே நம்பகமானவர் அல்லர், சகோதரர் கைது செய்யப்பட்டதாக ஏற்க முடியாது. ஒரு மாதத்தைத் திருத்தப்போய் அண்ணனே இல்லாமல் போய்விட்டான். அதற்குப் பிறகு மேன்முறையீடு, தற்காலிக விசா, வருசக்கணக்கில் காத்திருப்பு. நிரந்தர விசா கைக்கு வந்தது போன வருசம்தான்.

அன்றில் இருந்து அருந்தவன் எதையும் திருத்துவதில்லை. படகால் இறங்கிய அன்றைக்கு யாரோ அவருடைய பிறந்த நாளை, நவம்பர் நான்கை, ஏப்ரல் பதினொன்று என்று நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி எழுதிவிட்டார்கள். அதையும் அப்படியே விட்டுவிட்டார். பக்கத்து வீட்டு டெஸ்மன்ட் ஒவ்வொரு ஏப்ரலும் கேக்கோடு வந்து கதவைத் தட்டுவார். அருந்தவன் சிரித்துக்கொண்டு வெட்டுவார். நவம்பரில் சிவாஜினி சத்தம்போடாமல் பாயசம் காய்ச்சுவாள். எழுதினது எழுதினதுதான். அதுதான் அந்த வீட்டுச் சட்டம்.

அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதில் என்ன பிழை என்று தனக்குத்தானே பத்துத் தடவை கேட்டுப்பார்த்தார். நத்தை வந்து சாட்சி சொல்லப்போகிறதா? இல்லை. சிட்னியில் இருக்கிறவர்கள் பேசினைத் தேடிக்கொண்டு வரப்போகிறார்களா? இல்லை. ஆனால் அந்தச் சிவப்புப் புள்ளி கண்ணுக்குள்ளேயே நின்றது. லட்சம் லட்சம் வருசமாகக் கல்லில் இருந்த சீவனை இவர் ஒரு பேசின் தண்ணீரால் அறுபத்திரண்டு மீற்றர் ஆழத்துச் சேற்றில் இறக்கிவைத்திருக்கிறார். இருந்த இடத்தில் இருக்கவில்லை என்று ஒரு கடதாசி சொன்னால் அது என்ன வலி என்று அவருக்குத் தெரியும். அந்தக் கடதாசியைத் தன் கையாலேயே எழுதிவிட்டோம் என்பதுதான் அவருக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

காலையில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டே, "சொல்லப்போறன்" என்றார்.

சிவாஜினி அவருடைய சாப்பாட்டுப் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"உங்களுக்கு விசர்தான்" என்றாள் பிறகு. "சரி, போய்ட்டு வாங்கோ. சொல்லுறதை அழாமல் சொல்லுங்கோ."

மெலனி வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் அருந்தவன் பேசினையும், கறிவேப்பிலைத் தொட்டியையும், கொப்பியையும் அவளுடைய மேசையில் வரிசையாக வைத்துவிட்டார். ரெயிலில் வரும்போது மனப்பாடம் செய்த வசனங்கள் எல்லாம் அந்த நேரம் பார்த்துக் கையை விரித்துவிட்டன.

"பிள்ளை, அந்த நாலு நத்தையும் பிழை. பிழை எண்டு நினைக்கிறன். நான் குழாயில கழுவேல்லை. பேசினில கழுவினனான். மூண்டு வருசமும் அப்பிடித்தான். இதைப் பாருங்கோ, தொட்டிக்குள்ள எட்டு நத்தை கிடந்தது."

மெலனி தொட்டியைப் பார்த்தாள். கொப்பியைப் பார்த்தாள். பெப்ரவரி பதினாலில் விரலை வைத்தாள். அவள் முகத்தில் இருந்த நிறம் இறங்குவதை அருந்தவன் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏன் அங்கிள்? சுவரில எழுதியிருக்குத்தானே?"

"தண்ணி வீணாப்போகுதெண்டு..."

"தண்ணியா?" என்றாள். அவளுக்கு நல்ல கோபம். "இது மெல்பேர்ண் அங்கிள்! தண்ணி வருது! நான் நாளைக்கு ஃப்ளைட் ஏறவேணும்!"

எழும்பி வெளியே போய்விட்டாள். கதவு தன்பாட்டில் சாத்திக்கொண்டது.

முடிந்தது என்று அருந்தவன் நினைத்தார். சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் வைத்தார். ஜாக்கெட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார். மேசையில் கிடந்த சாமணத்தை மட்டும் துடைத்து அதன் உறைக்குள் வைத்தார். குளிர்க்களஞ்சியத்து மேற்பார்வையாளரின் நம்பர் இன்னும் போனில் இருக்கிறதா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

பத்து நிமிசம் கழித்துக் கதவு திறந்தது. மெலனியின் கையில் ஒரு போத்தல். கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள்.

"அதே இடம், அதே நாள், அறுபத்திரண்டு மீற்றர். ரெண்டாவது தடவை அள்ளினது. ரிசேர்வுக்கு வைச்சிருந்தனான்." போத்தலை அவர் முன்னால் வைத்தாள். "குழாயில கழுவுங்கோ."

அருந்தவன் ஜாக்கெட்டைக் கீழே வைத்தார். அரிதட்டைக் குழாயின் கீழ் ஒரு பக்கம் மூன்று நிமிசம், மறுபக்கம் மூன்று நிமிசம் பிடித்தார். தண்ணீர் ஓடியது. பிறகு விளிம்பு முழுக்கப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். சேற்றைத் தேக்கரண்டி தேக்கரண்டியாகத் தட்டில் பரப்பி ஒன்பதரைக்குக் கதிரையில் இருந்தவர், மத்தியானச் சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை. ஆழத்துச் சேற்று நத்தைகள், வழுவழுப்பானவை, முப்பத்தொன்று வந்தன. வரி போட்டது ஒன்று கண்ணில் பட்டுவிடாதா என்று அவருக்கே ஆசையாக இருந்தது. பிள்ளைக்காக. ஒன்றாவது. ஒரு குஞ்சாவது. பின்னேரம் நாலு மணிக்குக் கடைசித் தட்டையும் இரண்டாம் தரம் பார்த்து முடித்தார்.

ஷீட்டில் வரி நத்தைக்கு நேரே பூச்சியம் போட்டார். பழைய ஷீட்டில் நான்கு என்று இருந்ததை விதிப்படி ஒரேயொரு கோடு இழுத்து வெட்டினார். பழைய இலக்கம் தெரியவேண்டும், அழிக்கக்கூடாது. பக்கத்தில் காரணம், தேதி, கையெழுத்து. மூன்று வருசத்தில் அவருடைய முதல் வெட்டு. இரண்டு தாளையும் மெலனியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மெலனி வாசித்தாள். பூச்சியத்தை அப்படியே கணினியில் தட்டினாள். ஏரியின் நடுவில் இருந்த சிவப்புப் புள்ளி போய்விட்டது. நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"பேசின் சாம்பிள் எல்லாம் இனித் திரும்பப் பாக்கவேணும் அங்கிள். ஒரு வருசம் எடுக்கும். ஜூனுக்குப் பிறகும் நீங்கதான் செய்யவேணும். அந்த லெட்டரை நான் மாத்தேல்லை."

அருந்தவனுக்கு அது காதில் சரியாக ஏறவில்லை. அவர் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு இன்னும் அவருடைய மேசையில் கிடந்தது. நுணுக்குக்காட்டியின் வெளிச்சம்கூட அணைக்கவில்லை.

"நீங்கள் ஒருக்கா வந்து தட்டைப் பாக்கேல்லையே பிள்ளை?"

"ஏன்?"

"நான் முதல் ஒண்டு சொன்னனான். இப்ப மாத்திச் சொல்லுறன். மாத்திச் சொல்லுறவனை எப்பிடி நம்புறது?"

மெலனிக்கு அந்தக் கேள்வி உண்மையாகவே விளங்கவில்லை. புருவத்தைச் சுருக்கி அவரைப் பார்த்தாள்.

"நம்பாம? நீங்க மாத்திச் சொன்னதாலதானே அங்கிள் நம்புறன்."

அதற்கு அருந்தவனிடம் சொல்வதற்கு ஒரு முழுக் கதை இருந்தது. ஜூனும், ஜூலையும், தேரும், அண்ணனும். சொல்லவென்று வாயைத் திறந்தவர், அப்படியே நின்ற நிலையில் விம்மி விம்மி அழத் தொடங்கிவிட்டார். மெலனி பயந்துபோய் எழும்பி, ஒரு கதிரையை இழுத்து அவரை இருத்திவிட்டு, தானும் பக்கத்தில் இருந்துகொண்டாள்.